மரைக்காயர் எனும் பெயர்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளை நாடி நம் மாணவர்கள் செல்கின்றனர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர் இவ்வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் உண்டு. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டுமே கொண்டு வாழ்ந்த மாணவன் அவ்விடத்தில் தயங்குகிறான். சிலர் தந்தையின் பெயரை எழுதுகின்றனர்; சிலர் மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என எழுதுகின்றனர். எழுதுமுன் அப்பெயரின் பொருளைச் சிந்திப்பது நலம் எனக் கருதுகிறோம்.

'மரைக்காயர்' என்பது மரக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது என்பர்; கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அது கடல்தொழில் தந்த பெயர். அவ்வாறே 'இராவுத்தர்' குதிரை வீரரைக் குறிக்கும் பெயர். இவை உழைப்பால் வந்தவை. பிறப்பின் உயர்வு தாழ்வைச் சுட்ட வந்தவை அல்ல.

இப்பெயரைத் தாங்கியோரை எண்ணிப் பாருங்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாய்ப் போர்ச்சுக்கீசியரை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர். அவருள் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். கீழக்கரை செய்கு அப்துல் காதிர் மரைக்காயரே, இறந்த பின்னும் ஈந்தவர் எனப் பழமொழியில் வாழும் வள்ளல் சீதக்காதி. அவர் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம், அவ்வள்ளலின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் கொடையால் அரங்கேறியது. புதுவையில் பாரூக் மரைக்காயர் 1967இல் தமது 29ஆம் வயதில் முதலமைச்சரானார். 2012இல் கேரள ஆளுநராய் இருக்கையில் மறைந்தார். இலங்கையில் பாக்கீர் மாக்கார் 1978 முதல் 1983 வரை நாடாளுமன்றச் சபாநாயகராய் விளங்கினார்.

இராமேசுவரம் ஜைனுலாப்தீன் மரைக்காயர் பயணிகளை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். அவர்தம் மைந்தர் 2002இல் குடியரசுத் தலைவரானார். அப்துல் கலாம் என்றே உலகம் அவரை அறியும். தம் பெயருக்கு முன் முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்துகளைக் கொண்ட அவர், மரைக்காயர் என்னும் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் பெருமை ஒரு சிறிதும் குறைந்ததுண்டோ?

ஆயினும் திருமணப் பேச்சு எழும்போது நம்மில் பலர் முதலில் வினவுவது, 'மரைக்காயரா, இராவுத்தரா, லெப்பையா?' என்பதே. குலமும் கோத்திரமும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே. உயர்வு இறையச்சத்தால் மட்டுமே என்பது நம் மார்க்கத்தின் போதனை. மேடையில் இதனை முழங்கிவிட்டு மணப்பந்தலில் மறப்பது முறையாகுமா? சமுதாயப் பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். பட்டப் பெயர் இருப்பின் எழுதுங்கள். இல்லையெனில் தந்தையின் பெயரைத் தலைநிமிர்ந்து எழுதுங்கள். இங்கு உருவாகும் கார்களும் கப்பலேறிக் கடல் கடக்கின்றன. அன்று மரக்கலம் செலுத்தியோர்க்கு உழைப்பே பெயர் தந்தது; உங்களுக்கும் அதுவே பெயர் தரும். வல்ல இறைவன் அருள்வானாக!