ரிமோட் நம் கையில், கட்டணம் யார் கையில்?

பல்கலைக்கழக விடுதிகள் சிலவற்றில் ஏர்கானுக்குத் தனி மீட்டர் உண்டு. முன்கூட்டியே பணம் போட்டால்தான் ஓடும். அங்கு தங்கும் என் நண்பர்கள், அறை சற்றுக் குளிர்ந்ததும் அணைத்துவிட்டு மின்விசிறிக்கு மாறிவிடுவார்கள். அதே நண்பர்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போனால், 16 டிகிரியில் வைத்துக் கனத்த போர்வைக்குள் சுருண்டுகொள்கிறார்கள். வீட்டு மின்கட்டணம் அம்மா அப்பாவுக்குத்தானே வருகிறது!

நம் வெயில் லேசானதன்று. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983ல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். வெப்பத்தைவிட நம்மை வாட்டுவது ஈரப்பதம். வியர்வை காய்வதே இல்லை. 1902ல் வில்லிஸ் கேரியர் இந்த இயந்திரத்தை வடிவமைத்ததும் நியூயார்க் அச்சகம் ஒன்றில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஆகவே ஏர்கானே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிமோட்டைப் பிடிப்பவருக்கு அதன் பராமரிப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

16 என்று அழுத்தினால் அறை சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. அறை 31 டிகிரியில் இருக்கும்போது 16 வைத்தாலும் 25 வைத்தாலும் தொடக்கத்தில் கம்ப்ரெசர் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உழைக்கும். வேறுபாடு பிறகுதான் வரும்: 25ல் அது ஓய்வெடுக்கும், 16ல் விடியும்வரை மூச்சுவாங்கும். 25 வைத்துக் கூடவே மின்விசிறியையும் சுழலவிட்டால் உடலுக்குப் போதிய குளிர்ச்சி கிடைக்கும்.

அடுத்து ஃபில்டர். பல வீடுகளில் இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தூசு அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றோட்டம் குறைந்து, குளிர்ச் சுருளில் பனிக்கட்டி படியும். அது உருகும்போது சுவரில் தண்ணீர் ஒழுகும். உடனே சர்வீஸ் ஊழியருக்கு அழைப்பு! இரு வாரங்களுக்கு ஒருமுறை சுவிட்சை அணைத்து, மூடியைத் தூக்கி, வலையை உருவிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினால் பாதித் தொல்லை தீரும். என் வீட்டில் இது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வேலை. காய்வதற்கு ஆகும் நேரத்தை விட்டுவிட்டால் பத்து நிமிடம்கூட ஆகாது.

புகைமூட்ட நாள்களில் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். ஆனால் அந்த வலை நுண்துகள்களைத் தடுக்காது. அதற்குக் காற்றுச் சுத்திகரிப்பான்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. வெளிச்சுவரில் தொங்கும் கம்ப்ரெசர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். தண்ணீர் வெளியேறும் குழாயில் சேரும் கசடையும் பயிற்சி பெற்றவரே எடுக்கட்டும். ஆனால் அவர் வரும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். சிலர் “கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்பார்கள். ஏர்கானின் கேஸ், கார் பெட்ரோலைப்போல ஓட ஓடத் தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அம்மா பணப்பையைத் திறப்பதற்குமுன் நாம் கேட்கலாம்: “கசிவு எங்கே, அண்ணே?”