திண்டுக்கல் பூட்டுக்கு இணையத்தில் சாவி யாரிடம்?

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று பிரியாணி, இன்னொன்று பூட்டு. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் தலையில் கட்டிய தலைப்பாகையையே பெயராக்கிக்கொண்டு கடல் தாண்டியும் போய்விட்டது. அதே சாயலில் பெயர் வைத்த கடைகள் பெருகியபோது, அந்தப் பெயருக்காக நீதிமன்றப் படியும் ஏறியது. பெயர்தான் முதல் என்பதைப் பிரியாணிக்காரர்கள் புரிந்துகொண்டார்கள்.

பூட்டுக்காரர்கள்?

நாகல்நகர், குடைப்பாறைப்பட்டி, நல்லாம்பட்டி பக்கம் இருப்பவை பெரிய ஆலைகள் அல்ல, சின்னச் சின்னப் பட்டறைகள். இரும்பையும் பித்தளையையும் வெட்டி, அரத்தால் ராவி, நெம்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கையால் செய்யும் வேலை. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் மணிப்பூட்டு என்று வகைகளும் உண்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. ஆனால் அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவியும் இயந்திரப் பூட்டு அதற்காக நின்றுவிடவில்லை.

இப்படிப்பட்ட தொழிலுக்கு யாரைக் கேட்டாலும் ஒரே அறிவுரைதான் வரும்: "ஒரு வெப்சைட் போடுங்க, வியாபாரம் பிய்ச்சுக்கிட்டுப் போகும்!" இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

வலைத்தளம் என்பது பூட்டு மாதிரிதான். அதைச் செய்து கொடுப்பவர் ஒருவர், சாவியை வைத்திருக்க வேண்டியவர் இன்னொருவர். பல சிறு கடைகளில் நடப்பது என்ன? தெரிந்த பையன் ஒருவன் தன் மின்னஞ்சலில், தன் பெயரில், தன் கைப்பேசி எண்ணில் தளப் பெயரைப் பதிவு செய்கிறான். இரண்டு வருடம் கழித்து அவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விடுகிறான். புதுப்பிக்கச் சொல்லும் மடல் அவனுக்குத்தான் போகும். அவன் பார்க்க மாட்டான். கெடு முடிந்தால் பெயர் கைநழுவும். வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் பூட்டு செய்பவர் தன் கடைச் சாவியை எவரிடமோ கொடுத்துவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

ஆகவே முதல் விதி: தளப் பெயர் முதலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும். '.இன்' பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. தமிழிலேயே எழுத '.இந்தியா'வும் இருக்கிறது. ஆண்டுச் செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான்.

"அதற்குக்கூட ஏன் செலவு? இலவசமாகத்தான் எல்லாம் கிடைக்கிறதே" என்பார்கள். கிடைக்கிறது, போகவும் செய்கிறது. ஜியோசிட்டீஸில் குடியிருந்த பக்கங்கள் 2009-ல் மூடப்பட்டன. டிக்டாக்கில் ஆள் சேர்த்த கடைக்காரர்கள் 2020 ஜூன் 29-ந் தேதி இந்தியத் தடை வந்ததும் சேர்த்த கூட்டத்தை மொத்தமாக இழந்தார்கள். கூகுள் தன் வணிகப் பதிவோடு கொடுத்துவந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. வாடகை நிலத்தில் கொட்டகை போடலாம், தப்பில்லை. வீடு கட்டக் கூடாது.

இரண்டாவது, வரைபடம். கூகுள் வரைபடத்தில் பட்டறையைப் பதிவதற்குக் காசு கிடையாது. பழநிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் வழியில் "நல்ல பூட்டு எங்கே கிடைக்கும்?" என்று கைப்பேசியில் தேடுகிறவருக்கு அலங்காரமான தளம் தேவையில்லை. இடம், திறந்திருக்கும் நேரம், எடுக்கிற தொலைபேசி எண், இந்த மூன்றும் போதும். வாட்ஸப் போதாதா என்றால், போதாது. அது ஏற்கெனவே எண் தெரிந்தவருக்கு. தெரியாதவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே!

மூன்றாவது, தளத்தில் என்ன எழுதுவது? "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். யாருக்கும் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. வாங்க வருகிறவருக்கு வேண்டியது வேறு. பூட்டின் அளவு என்ன, எடை என்ன, எத்தனை நெம்பு, செய்ய எத்தனை நாள், சாவி தொலைந்தால் என்ன வழி, பழுது பார்ப்பார்களா? இதைத் தமிழில், எழுத்தாகவே போட வேண்டும். விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து ஒட்டினால் தேடுபவர் கண்ணில் அது எளிதில் படாது.

பூட்டுக்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாவியின் பல் தெரியும்படி படம் போடவே கூடாது. படத்தை வைத்தே சாவியை நகலெடுக்க முடியும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008-லேயே செய்து காட்டிவிட்டார்கள். எந்தக் கோயிலுக்கு, எந்த வீட்டுக்குப் பூட்டு செய்தோம் என்று பெருமைக்காக எழுதுவதும் அதே வகைதான்.

இனி, இணையத்திலேயே விற்பது. பெரிய சந்தைத் தளங்களில் கடை போட ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதில் தளர்வு உண்டு. வெளிமாநிலம் என்றால் பொதுவாகப் பதிவு வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி வேறு. கைவேலைப் பூட்டு ஒரு நாளைக்கு எத்தனை செய்ய முடியும்? நூறு ஆர்டர் வந்தால்? அந்த அவசரத்தில் வெளியூர் இயந்திரப் பூட்டை வாங்கித் திண்டுக்கல் பெயரில் அனுப்பத் தோன்றும். அன்றைக்கே பெயர் செத்தது! "செய்து தர இத்தனை நாள் ஆகும், பொறுத்தால் வாங்குங்கள்" என்று நேராக எழுதும் தளமே இந்தத் தொழிலுக்கு ஏற்ற தளம்.

கடைசியாக, இதை ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே செய்ய வேண்டுமா? அரம் பிடித்த கைக்கு மாதாமாதம் கணினி முன் உட்கார நேரம் ஏது? புவிசார் குறியீட்டை விண்ணப்பித்து வாங்கியது பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். சட்டப்படி அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, பதிவு பெற்ற பயனாளர்களுக்குத்தான். அவர்கள் யார் யார் என்று படத்தோடும் எண்ணோடும் சொல்லும் பொதுத் தளம் ஒன்று, கூட்டாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். வாங்குபவர் அசலையும் போலியையும் பிரித்தறிய அதைவிட எளிய வழி கிடையாது. திண்டுக்கல் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இது ஒரு பருவத் திட்டப்பணி அளவு வேலைதான். ஒரே நிபந்தனை, முடித்த அன்றே கடவுச்சொல்லைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

குறியீட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தளப் பெயரை ஆண்டுதோறும். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வைக்கிற ஓர் ஆள் சங்கத்துக்குக் கிடைத்தால், திண்டுக்கல் பூட்டின் சாவி திண்டுக்கல்லிலேயே இருக்கும்.