அலங்காரத்தின் வேண்டுதல், அப்புவின் தலை

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வெளிவந்தது. அன்று முதல் இரண்டு கோஷ்டியார் அலங்காரத்தம்மாளைப் பங்கு போட்டு வருகிறார்கள். கற்புக் கோஷ்டிக்கு அவள் கெட்டுப்போனவள். நம் சிறுபத்திரிகைக் கோஷ்டிக்கு அவள் எக்ஸிஸ்டென்ஷியலிஸ நாயகி. கணவன் தண்டபாணி இருக்கவே சிவசுவைத் தேர்ந்துகொண்ட சுதந்திரப் பிறவி. இரு சாராருடைய கண்ணும் சிவசு மீதே. அப்புவை ஒருவரும் பார்க்கவில்லை என்பது என் புகார்.

சிவசு விஷயத்தில் அவள் மேல் எனக்கு வழக்கில்லை. தன் உடம்பு, தன் ஆசை, தன் குற்ற உணர்ச்சி. ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சியை என்ன செய்தாள்? சிறுவனான அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்பினாள். அவன் வேதவித்தாகத் திரும்பினால் அவன் காலடியில் தன் பாவம் கரையும் என்று கணக்கு. அவளுடைய சுயநலத்தை இந்தக் கணக்கில்தான் தேட வேண்டும்.

ஸார்த்ர் 1945இல் பாரீஸில் நிகழ்த்திய உரையில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். தாயோடு இருப்பதா, ஜெர்மானியரை எதிர்த்துப் போரிடப் போவதா என்று கேட்டு வந்தவன் அவன். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்பதற்குமேல் ஸார்த்ர் சொல்லவில்லை. அப்புவை யாரும் கேட்கக்கூட இல்லை. தேர்ந்தவனே பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பது அந்தத் தத்துவம். அலங்காரம் தேர்ந்தாள், சுமையை மகன் தலையில் ஏற்றினாள்.

நான் வேலை பார்ப்பது ஆர்.கே.பேட்டையில். திருத்தணியிலிருந்து வரும் பஸ்ஸில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தைகள் இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். வேண்டிக்கொண்டவர் அப்பா, முடி போனது பிள்ளைக்கு. முடியாவது சில மாதத்தில் வளர்ந்துவிடும். அப்புவுக்குப் போன வருஷங்கள்?

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை குறைவுதான். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவன். எனக்கு எட்டாத இங்கிலீஷ் உலகம் அவளுக்காவது எட்டட்டும் என்று ஏழு வயது மகளைத் தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிறேன். அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்திருக்கிறேன். எந்த ஊர்ப் பள்ளி வேண்டும் என்று அவளை நான் கேட்டதில்லை.

கடைசியில் அப்பு இந்துவிடமே திரும்பிவிடுகிறான். அவனும் தன் பிள்ளைதான் என்று தெரிந்துகொண்ட அலங்காரம் காசிக்குக் கிளம்புகிறாள். அதை ஓட்டம் என்பாரும் உண்டு. எனக்கோ, முதல்முறையாகத் தன் கடனைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பதாகத் தோன்றுகிறது. நண்பர்களுக்கு நாயகி தேவையானால் அந்தப் பயணத்தில் தேடட்டும். அதற்கு முன் நடந்ததைச் சுதந்திரம் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அப்பு கேட்பான். என் மகளும் ஒருநாள் கேட்பாள்.