உலோக மருந்துகளும் நம் ஆராய்ச்சியும்

பற்பமும் செந்தூரமும் வழங்கும் நாட்டில் உலோகம் மருந்தாகும் என்பது புதுமொழியன்று. ஆயினும், வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்துகளைச் செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களோடு பிணைத்து, அவ்வணைவுச் சேர்மங்களின் ஆற்றலைச் சோதித்தல் இக்காலத்து இரசாயன மாணவர் பலர் மேற்கொள்ளும் பணியாகும். அது போற்றத்தக்கதே. எனினும், அதன் முடிவுகளை எவ்வளவிற்கு நம்பலாம் என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

ஆஸ்பிரின், இண்டோமெதஸின் போன்றவை புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுத்தே வீக்கத்தைத் தணிக்கின்றன. இவ்வுண்மையை 1971-இல் ஆங்கில அறிஞர் ஜான் வேன் வெளிப்படுத்தினார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அப்பொருளேயாதலின், வலி தீருங்கால் வயிறு புண்ணாதலும் நேர்கின்றது. 1976-இல் அமெரிக்க அறிஞர் ஜான் ஸோரன்ஸன், இத்தகைய மருந்துகள் செம்போடு கூடியவிடத்து விலங்குகளில் மிக்க பயன் தருவதைக் காட்டினார். செம்பணு இரண்டும் மருந்து மூலக்கூறு நான்கும் கொண்ட செப்பு இண்டோமெதஸின், ஆஸ்திரேலியாவில் நாய்க்கும் குதிரைக்கும் மருந்தாயிற்று. மனிதர்க்கோ அது பொதுமருந்தாக வழங்கவில்லை. இரைப்பையின் அமிலம் அப்பிணைப்பை அறுக்கவல்லது என்பதும் நினைக்கத்தக்கது.

பொன்னின் வரலாறு இன்னும் தெளிவான பாடமாம். பொன் சயனைடு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக்குழாயில் தடுப்பதை 1890-இல் ராபர்ட் கோக் அறிவித்தார். அதனை நம்பிப் பொன்னுப்புக்கள் நோயாளர் பலர்க்கு ஊசிவழி ஏற்றப்பட்டன. 1931-இல் அமெரிக்காவில் ஆம்பர்ஸன் குழுவினர் 24 நோயாளரை இரு பிரிவாக்கி, நாணயம் சுண்டி, ஒரு பிரிவிற்குப் பொன்மருந்தும் மற்றதற்குத் தூயநீரும் அளித்தனர். பொன் பயன்படவில்லை, தீங்கே செய்தது. அதற்கிடையே 1929-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாரெஸ்டியர், பொன்னுப்பு மூட்டுவாதத்தைத் தணிப்பதை வெளியிட்டார். குழாய் காட்டிய வழி ஒன்று. உடல் காட்டிய வழி வேறொன்று!

இங்ஙனமிருக்க, அகர்த் தட்டில் கிருமி வளராத வளையமொன்றைக் கண்டமாத்திரத்தில், 'சிறந்த மருந்து' என்று ஆய்வேட்டில் எழுதுதல் தகுமோ? கிருமியைத் தடுத்தல் வேறு, வீக்கத்தைத் தணித்தல் வேறு அன்றோ? செப்புப்பு தானே கிருமியைக் கொல்லுமாதலின், அவ்வளையம் சேர்மத்தின் பெருமையோ செம்பின் பெருமையோ யாரறிவார்?

நம் கல்லூரிகளில் விலங்குச் சோதனைக்கு வசதி யாது என்பாருளர். உண்மையே. ஆயின், உலோகவுப்பைத் தனியாகவும், மருந்தைத் தனியாகவும், கரைப்பானைத் தனியாகவும் அருகருகே சோதித்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. சேர்மம் நீரிலும் அமிலத்திலும் குலையாது நிற்கின்றதா என்று காண்டலும் அரிதன்று. இவற்றைச் செய்து, கண்டதை மட்டும் கண்டவாறே எழுதுவோமாயின், நம் சிற்றாய்வும் பிறர்க்கு அடிப்படையாகும். நோயாளி நம்பி உண்ணப்போவது நம் சொல்லையும் சேர்த்தேயன்றோ? ஆதலின், ஆராய்ச்சியில் அடக்கமும் மருந்தின் ஒரு கூறே என்பது எம் துணிபு.