70 வயது கடந்தோருக்குக் காப்பீடு வந்தது. கவனிக்கச் செவிலியர் போதுமா?

புதுடெல்லி: 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, குடும்ப அடிப்படையில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை இலவச சிகிச்சை கிடைக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2024 அக்டோபர் 29-ஆம் தேதி விரிவுபடுத்தப்பட்டது. சுமார் 6 கோடி முதியோர் இதனால் பயன்பெறுவர் என மத்திய அரசு தெரிவித்தது. ஆனால், சிகிச்சைக்குச் சேரும் முதியவர் நடந்து வீடு திரும்புவதும் படுக்கையோடு திரும்புவதும் பெரும்பாலும் செவிலியரின் கவனிப்பைப் பொறுத்தே அமைகிறது.

பெருகும் எண்ணிக்கை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் சுமார் 10.4 கோடி பேர். 2050-க்குள் இது ஏறத்தாழ 35 கோடியை எட்டும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. முதியோரில் 75 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோய் இருப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

மருத்துவமனையே தரும் நலிவு

வயதான உடலுக்கு மருத்துவமனைவாசமே ஓர் ஆபத்து. இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை வெற்றியடைந்தாலும், சில நாள்கள் அசையாமல் கிடந்தால் தசை வலுவிழக்கும். படுக்கைப் புண் வரும். தேவைக்கு அதிகமான நாள்கள் பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாய் தொற்றை வரவழைக்கும். புதிய இடம், உறக்கமின்மை, நீரிழப்பு ஆகியவற்றால் திடீர் மனக்குழப்பம் ஏற்படலாம். அதை 'வயதானால் அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு.

இவற்றில் பலவற்றைத் தடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்தல், இயன்றவரை விரைவில் எழுந்து நடக்கச் செய்தல், மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கைக்கெட்டும் தொலைவில் வைத்தல், விழும் அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிடுதல், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறுவதைக் கவனித்து மருத்துவருக்குத் தெரிவித்தல் ஆகியவையே போதுமானவை. நாள் முழுவதும் நோயாளி அருகே இருப்பவரால் மட்டுமே இவற்றைச் செய்ய இயலும்.

உறவினர் தோளில் சுமை

பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறிமுறை. நெரிசல் மிகுந்த அரசு வார்டுகளில், குறிப்பாக இரவுப் பணியில், இது எட்டாக்கனியே. ஊசி, சொட்டு மருந்து, பதிவேடு ஆகியவற்றிலேயே செவிலியரின் நேரம் கரைகிறது. உணவூட்டுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவை உடனிருக்கும் உறவினரின் வேலையாகின்றன. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் முதியவருக்கு அந்தத் துணையும் இல்லை.

வீடு திரும்பிய பின்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளும் முக்கியமானது. ஏற்கெனவே உட்கொள்ளும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுடன் புதிய மருந்துகள் சேரும்போது, ஒரே மருந்தை இரு பெயர்களில் உட்கொள்ளும் பிழை நேரலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைப் புரியும் மொழியில் செவிலியர் விளக்கினால் அது தவிர்க்கப்படும். இந்தக் கவனிப்பை வீடுவரை கொண்டு செல்லவும் முடியும். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளின் வலிநிவாரணப் பராமரிப்புச் செவிலியர்கள் படுக்கையில் உள்ளோரை வீடு தேடிச் சென்று கவனிக்கின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இச்சேவை உண்டு.

எஞ்சும் கேள்வி

157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ரூ.1,570 கோடி ஒதுக்கியது. இவற்றிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 15,700 பட்டதாரிகள் வெளிவருவர் என்பது எதிர்பார்ப்பு. எனினும், பணியிடங்கள் நிரப்பப்படாமலும், ஒப்பந்த ஊதியம் உயராமலும் இருந்தால் அவர்கள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்வதைத் தடுக்க இயலாது. முதியோர் பராமரிப்புக்கென ஓராண்டு செவிலியர் பட்டயப் படிப்பு உள்ளது. அதை முடித்தோருக்குத் தனிப் பணியிடமும் ஊதிய உயர்வும் இருந்தால்தான் அத்துறையை நாடுவோர் பெருகுவர்.

காப்பீட்டுத் திட்டத்தில் வழங்கப்பட்ட அட்டைகளும் செலவிடப்பட்ட தொகையும் கணக்கிடப்படுகின்றன. திட்டத்தில் இணைந்த ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு வேளைப் பணியில் எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியரை அமர்த்துகிறது என்பதும், எத்தனை முதியோருக்குப் படுக்கைப் புண் ஏற்பட்டது என்பதும் அதே கணக்கில் இடம்பெற்றால், செலவிடும் பணம் முதியோரை உண்மையில் காக்கிறதா என்பது தெரியவரும்.