அவங்களுக்கு 'இன்சென்டிவ்', நமக்கு 'ஃப்ரீபீஸ்'?



'கொடுப்பது' என்ற ஒரே வேலைக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? டிஸ்ட்ரிபியூட், அலாட், டிஸ்பர்ஸ், கிராண்ட், இன்சென்டிவ், ஸ்டிமுலஸ், ரிலீஃப், ஹேண்ட்-அவுட், டோல், ஃப்ரீபி. அகராதியில எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனா டிவி விவாதத்துல எந்த வார்த்தை யார் வீட்டுக்குப் போகுதுன்னு பாருங்க. அரசியல் அங்கதான் இருக்கு.

முதல்ல மேல் மாடி.

2019 செப்டம்பர் 20. கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். இதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று சொன்னவர் ஒன்றிய நிதியமைச்சர்தான். அதுக்குப் பேர் என்ன? 'ஸ்டிமுலஸ்'. பொருளாதாரத்துக்கு ஊக்க மருந்தாம்.

14 துறைகளில் உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பிஎல்ஐ திட்டம். அந்தப் பேரிலேயே 'இன்சென்டிவ்' இருக்கு.

2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைத் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டன. அதில் பெருந்தொழில், சேவைத் துறைகளின் பங்கு மட்டும் 7.40 லட்சம் கோடிக்கு மேல். 2023 ஆகஸ்டில் மக்களவையில் ஒன்றிய அரசு கொடுத்த கணக்கு இது. "அது தள்ளுபடி இல்லைப்பா, ரைட்-ஆஃப், கடன் வாங்கினவர் கட்டித்தான் ஆகணும்"னு ஒருத்தர் கமெண்ட்ல வருவார். சரி, ஒத்துக்கிறோம். அதே பதிலில் இன்னொரு எண்ணும் இருக்கு: ரைட்-ஆஃப் செய்த கடன்களில் திரும்ப வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி. மீதிக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு அவரே சொல்லட்டும். திவால் சட்டத்துல வங்கி இழக்கிற தொகைக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கு: 'ஹேர்கட்'. முடி வெட்டுறதாம்! எவ்வளவு மென்மையான வார்த்தை.

இப்ப கீழ் மாடிக்கு வாங்க.

ரேஷன் அரிசி வாங்கினா 'டோல்'. பொண்ணுங்க டவுன் பஸ்ல போனா 'ஃப்ரீபி'. மாசம் ஆயிரம் ரூபாய் வந்தா 'ஹேண்ட்-அவுட்'. 2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தில் விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதமர், 'ரேவ்டி கலாச்சாரம்' நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து என்றார். ரேவ்டி என்றால் எள்ளு மிட்டாய். 2025 பிப்ரவரியில், நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிட வழக்கில், ஒட்டுண்ணிக் கூட்டத்தை உருவாக்குகிறோமா என்று உச்ச நீதிமன்ற அமர்விலேயே கேள்வி எழுந்தது. ரோட்டுல படுத்திருக்கிறவன் ஒட்டுண்ணி. கடனைக் கட்டாதவனுக்கு ஹேர்கட்.

வேடிக்கை என்னன்னா, அவங்களே கொடுக்கும்போது வார்த்தை மாறிடும். 2019 மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்க இரண்டு வாரம் இருக்கும்போது, பிப்ரவரி 24 அன்று, விவசாயிகள் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் போடும் திட்டம் தொடங்கப்பட்டது. பேர்? பிஎம் கிசான் 'சம்மான்' நிதி. சம்மான் என்றால் மரியாதை. விவசாயிக்கு அந்தப் பணம் போனது சரி, போகணும். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: உங்க கையால கொடுத்தா மரியாதை, மாநிலம் கொடுத்தா மிட்டாயா?

"வெறும் வார்த்தைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"னு கேட்கலாம். வார்த்தைதான் சட்டமாகுது தோழர்களே. தேர்தல் வாக்குறுதிகளை 'ஃப்ரீபீஸ்' என்று சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 ஆகஸ்டில் அது மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எது நலத்திட்டம், எது ஃப்ரீபி என்று கோடு போடுபவர் கையில்தான் நாளைக்குப் பள்ளிச் சாப்பாடும் பஸ் டிக்கெட்டும் இருக்கும்.

அந்தக் கோட்டை அன்னைக்கே போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? 1920-இல் நீதிக்கட்சி நிர்வாகத்தில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். அப்புறம் கலைஞர் முட்டை சேர்த்தார். காசு வீண் என்ற கூச்சல் அப்பவும் இருந்தது. 2001-இல் இதே உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போடச் சொன்னது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பிள்ளைகளின் சட்டப்பூர்வ உரிமையானது. நேத்து 'டோல்', இன்னைக்கு சட்டம்.

அந்த 'டோல்' என்ற சொல்லே, பழைய ஆங்கிலத்தில் 'பங்கு' என்ற பொருளில் தொடங்கியதுதான். பங்கு எப்படியோ பிச்சை ஆயிடுச்சு. நம்ம ஊர்ல அது நடக்கலை. ரேஷனுக்கு நாம வெச்ச பேர் 'பங்கீடு'. 1997-இல் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னபோதும், பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் கடையைத் திறந்து வைத்தது தமிழ்நாடு. மகளிருக்கான ஆயிரம் ரூபாய்க்கு 'உதவித் தொகை'ன்னு பேர் இல்லை, 'உரிமைத் தொகை'. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பணத்துக்கு அந்தப் பேர்தான் பொருத்தம்.

இந்த விஷயம் தொல்காப்பியத்திலேயே இருக்கு. கேட்பதற்குத் தமிழில் மூன்று சொல்: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ'. சமமானவன் கேட்டால் 'தா'. உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. கேட்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கும் மொழி இது. ஜனநாயகத்தில் குடிமக்கள்தான் மேலே. சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி, செருப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுகிற மக்கள், அரசைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் 'கொடு'.

அதனால நம்ம பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நம்ம போஸ்டர்லயே 'அள்ளி அள்ளி வழங்கிய வள்ளல்'னு அடிக்கிறோம். மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கிறதுல வள்ளல் எங்கே வந்தார்? நம்ம வீட்டு ஆம்பளைங்களே 'ஓசி பஸ்'னு சிரிக்கிறாங்க. அந்த டிக்கெட்டுக்கான பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கட்டுது. ஓசியில யாரும் ஏறலை. முதல் பட்டதாரி சலுகையில இன்ஜினியரிங் முடிச்சவன்தான் இந்தப் பதிவை எழுதுறேன். அந்தச் சலுகையை வாங்கின எந்த வீட்டுலயும் யாரும் சோம்பேறி ஆகலை. பையன் லேப்டாப்போட வேலைக்குப் போறான், அவ்வளவுதான்.

"கடன் ஏறுதே, காசு எங்கே?" நியாயமான கேள்வி. கேளுங்க. ஆனா ஒரே தராசுல நிறுத்துக் கேளுங்க. வாக்குறுதிக்கு ஆகும் செலவைக் கட்சிகள் சொல்லணும்னு 2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. செய்யலாம். கூடவே வரிச்சலுகை ஒவ்வொன்றுக்கும், எவ்வளவு போச்சு, பதிலுக்கு எத்தனை பேருக்கு வேலை வந்துச்சுன்னும் அதே படிவத்துல எழுதச் சொல்லுங்க.

இன்னையிலிருந்து மூணு வேலை:

1. நம்ம போஸ்டர், மீம், கமெண்ட் எதுலயும் 'இலவசம்', 'ஓசி', 'வள்ளல்' வேண்டாம். 'உரிமை', 'பங்கு' என்று எழுதுங்க.

2. யாராவது 'ஃப்ரீபீஸ்'னு ஆரம்பிச்சா திட்டாதீங்க. "1.45 லட்சம் கோடிக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"ன்னு மட்டும் கேளுங்க.

3. உரிமைத் தொகைக்குத் தகுதி இருந்தும், 'சும்மா கொடுக்கிறதை வாங்க வெட்கமா இருக்கு'ன்னு விண்ணப்பிக்காத அக்கா உங்க தெருவுல இருந்தா, போய்ப் பேசுங்க. அந்த வெட்கம் அவங்களோடது இல்லை. வேற யாரோ வார்த்தையில மடிச்சு அவங்க கையில கொடுத்தது. அதைத் திருப்பி வாங்கிட்டு, விண்ணப்பத்தைக் கொடுங்க.

பகிருங்கள் தோழர்களே!

#இலவசமல்ல_உரிமை
#எங்கள்_பங்கைக்_கொடு