மூன்று நாளில் சரியாகிவிடும்!

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பத்து இருக்கும். ஆவடியிலிருந்து என் பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பேத்திக்கு நாலு வயசு. தொட்டால் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 102!

“எப்போம்மா சரியாகும்? நாளைக்குள்ளே இறங்கிடுமா?” என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர்.

“ரெண்டே நாள்தான், ஓடிப் போயிடும்” என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக் கொண்டேன்.

“தெரியாதும்மா. ராத்திரி பூரா பார்த்துக்குவோம். தண்ணி, கஞ்சி எதையாவது கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துக்கிட்டே இரு. மூச்சு வாங்கினாலோ, குழந்தை துவண்டு போனாலோ, ஒண்ணுக்கே போகாம இருந்தாலோ அந்த நிமிஷமே கிளம்பிடுவோம். இல்லேன்னா காலையிலே முதல் வேலையா டாக்டர்” என்றேன்.

அவளுக்குக் கோபம். “ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ ஒரு அம்மாவா?” என்று கேட்டுவிட்டாள்!

ஏன் சொல்லவில்லை என்பதை அவளுக்கு அப்போது விளக்க முடியவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், சகோதரிகளே. இதே மாதிரி ஓர் ஆறுதல் வார்த்தையை நம்பி, அம்பத்தூரில் எங்கள் தெரு ஒரு முறை நன்றாகப் பட்டிருக்கிறது.

2020-ஆம் வருஷத்துக் கொரோனாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரல் 16-ஆம் தேதி தமிழ்நாட்டில் புதிதாக நோய் கண்டவர்கள் 25 பேர். மொத்தம் 1,267. அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் பேசிய அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இன்னும் இரண்டு மூன்று நாளில் புதிய நோயாளிகளே இல்லாத நிலை வந்துவிடும் என்ற பொருளில் சொன்னார். இது வெளிநாடு போய் வந்த பணக்காரர்களால் வந்த நோய் என்றும் அந்தச் சமயத்தில்தான் பேசினார்.

கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? எங்கள் தெருவில் காய்கறி விற்கும் அம்மா ஒருத்தர் உண்டு. வருஷக் கணக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்து வருகிறவர். “நமக்கெல்லாம் வராதாம்மா. பிளேன்லே போனவங்களுக்குத்தான் வருமாம். அதுவும் இன்னும் மூணு நாளுதானாம்” என்று சொல்லி, முகத்தில் கட்டியிருந்த துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கொண்டார். அந்த அம்மா டி.வி. செய்தியை ஒழுங்காகக் கேட்டவர். நாட்டின் பெரிய மனிதர் சொன்னதை நம்பினார். அது ஒரு குற்றமா?

அந்த மூன்று நாள் வந்தது, போனது. அடுத்த வாரம், ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை ஓர் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான்கு நாள் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு! நடுவில் இருப்பது சனிக்கிழமை ஒரே ஒரு நாள்.

இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது, நாலு நாளைக்குக் கடை கிடையாது என்றால் யார்தான் பையைத் தூக்கிக் கொண்டு ஓட மாட்டார்கள்? அந்தச் சனிக்கிழமை மளிகைக் கடை, காய்கறிக் கடை, மார்க்கெட் எங்கே பார்த்தாலும் தலைகள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போன என் வீட்டுக்காரர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்தார். கடைசியில் அன்றைக்கு மட்டும் கடைகளை மாலை 3 மணி வரை திறந்து வைக்கலாம் என்று நேரத்தை நீட்ட வேண்டியதாயிற்று. கூட்டம் சேரக்கூடாது என்று போட்ட உத்தரவே கூட்டத்தைச் சேர்த்தது. வேடிக்கையாக இல்லை?

பிறகு கோயம்பேடு. மார்க்கெட்டில் வேலை செய்தவர்களிடம் ஒருவர் பின் ஒருவராக நோய் தெரிய ஆரம்பித்தது. மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அன்று ஒரு நாளில் புதிதாக நோய் கண்டவர்கள் 508 பேர். மூட்டை தூக்கியவர்கள், லாரியில் வந்தவர்கள் எல்லாம் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். நோயும் கூடவே போயிற்று.

மே இரண்டாம் வாரத்தில் பூவிருந்தவல்லி தாண்டித் திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் திறந்தார்கள். நம் மேற்குப் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஆனால் பஸ் ஏது? எங்கள் காய்கறி அம்மா, நாலு பேரோடு சேர்ந்து வாடகை வண்டி பிடித்துத்தான் போக முடிந்தது. வண்டி வாடகை கொடுத்தது போக, கையில் மிஞ்சியது என்ன என்று கேட்காதீர்கள். சரக்கு இருக்கிறதோ இல்லையோ, சிலர் அவரை வாசல் பக்கமே சேர்க்கவில்லை. “கோயம்பேட்டுக்காரி” என்று பெயர் வைத்து விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் முதலமைச்சர் என்ன சொன்னார்? மார்க்கெட்டை வேறு இடத்துக்கு மாற்றும்படி அரசாங்கம் முன்பே கேட்டுக் கொண்டதாம், நஷ்டம் வரும் என்று வியாபாரிகள்தான் ஒத்துக் கொள்ளவில்லையாம்.

இருக்கலாம். வியாபாரிகள் தயங்கியிருப்பார்கள், நஷ்டத்துக்குப் பயப்படாதவர் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். மே மாதம் மூட முடிந்த மார்க்கெட்டை, ஏப்ரல் மாதமே மூட அதிகாரம் இல்லாமலா போயிற்று? “மூன்று நாள்தான்” என்று பெரியவரே சொல்லிவிட்ட பிறகு, எந்த வியாபாரி கடையைத் தூக்கிக்கொண்டு திருமழிசைக்குப் போவார்?

மதுக்கடை விஷயத்தையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டை விட்டு வராதே என்று சொல்லிக் கொண்டே, மே 7-ஆம் தேதி சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி வந்து, மறுபடி திறந்தது. மார்க்கெட்டுக்குப் போனால் ஆபத்து, மதுக்கடை வரிசையில் நின்றால் ஆபத்தில்லையா? வாய் ஒன்று சொல்லிக் கை ஒன்று செய்தால், குழந்தை எதைப் பார்த்துக் கற்றுக் கொள்ளும் என்று நமக்குத் தெரியாதா!

ஜூன் மாதம் முடிவதற்குள் மாநிலத்தில் எண்ணிக்கை 90 ஆயிரத்தைத் தாண்டியது. மூன்று நாள் கணக்குச் சொன்ன அதே முதலமைச்சர், இது எப்போது தீரும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று அந்த ஜூனில் சொன்னார். ஏப்ரலில் அளவுக்கு மீறிய நிச்சயம். ஜூனில் ஒரேயடியாகக் கையை விரித்தது. இரண்டுக்கும் நடுவில் “நான் சொன்னது தப்பாகிவிட்டது” என்ற ஒரு வாக்கியம் வந்திருக்க வேண்டாமா?

சென்னையில் இறந்தவர்கள் கணக்கு சரியில்லை என்ற பேச்சும் அதே ஜூனில் எழுந்தது. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார்கள் ஆட்சியில் இருந்தவர்கள். பிறகு ஒரு குழு உட்கார்ந்து பதிவேடுகளைப் பார்த்தது. ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தார்கள். 444 என்று எழுதுவது சுலபம். ஒவ்வொன்றும் ஒரு வீடு அல்லவா? அந்த வீட்டில் ஒரு தாயோ, மனைவியோ, பெண்ணோ இருந்திருப்பாள். தன் மனிதர் என்ன நோயால் போனார் என்பதை ஒழுங்காக எழுதி வைக்கக் கூட நாலு மாதமா?

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். ரேஷனில் இலவசமாகப் பொருள் கிடைத்தது. சென்னையில் தெருத் தெருவாக ஜுர முகாம் போட்டார்கள். பரிசோதனை விஷயத்தில் நிச்சயமான ஆர்.டி.-பி.சி.ஆர். முறையையே வைத்துக் கொண்டார்கள். நர்சுகளும், டாக்டர்களும், துப்புரவுத் தொழிலாளர்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். கீழே கைகள் இவ்வளவு வேலை செய்தபோது, மேலேயிருந்து வந்த சொல் சரியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

இது ஒரு கட்சியின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அதே வருஷம் மார்ச் 24-ஆம் தேதி ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் மோடி டி.வி.யில் பேசினார். நாலே மணி நேரத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு. அன்றைக்கும் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். ஆட்சி மாறி, 2021-ல் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராக வந்த பிறகும் பாருங்கள். மே 22, சனிக்கிழமை அறிவிப்பு, திங்கட்கிழமையிலிருந்து முழு ஊரடங்கு. காய்கறியை வண்டியில் தெருவுக்கே அனுப்பினார்கள், அது நல்ல பாடம். ஆனால் அறிவிப்புக்கும் ஊரடங்குக்கும் நடுவில் இருந்த ஒன்றரை நாளில் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் நெரிசல்தான். முந்தின வருஷத்துச் சனிக்கிழமையை யாரும் குறித்து வைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றியது.

நியூஜிலாந்து என்று ஒரு சின்ன தேசம். 2020 மார்ச்சில் அங்கே பிரதமராக இருந்தவர் ஜெசிந்தா ஆர்டெர்ன் என்ற பெண்மணி, சின்னக் குழந்தைக்குத் தாய். முதலில் நாலு படிகளாக ஓர் எச்சரிக்கை முறையை ஜனங்களுக்கு விளக்கினார். எந்தப் படியில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பிறகு ஊரடங்குக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுத்தார். சின்ன தேசம், நம்மோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் “அடுத்தது என்ன” என்று முன்கூட்டிச் சொல்வதற்குத் தேசம் சின்னதாக இருக்க வேண்டுமா, என்ன?

கொள்ளை நோய்க் காலத்தில் தலைவரின் வார்த்தையும் ஒரு மருந்து. அளவு கூடினால் விஷம். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தப்பினால் ஒப்புக் கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் பணம் செலவில்லை. வீட்டை நடத்துகிற ஒவ்வொரு பெண்ணும் தினம் செய்கிற காரியம்தான் இது. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், “நோய் வந்தால் எங்களுக்கு எத்தனை நாள் முன்னாடி சொல்வீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

நம் பங்குக்கும் கொஞ்சம் உண்டு. ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்கான பால் பவுடர், பெரியவர்களின் மாத்திரை இவை வீட்டில் எப்போதும் இருக்கட்டும். கடைசி நாள் கூட்டத்தில் குழந்தையோடு போய் நிற்க வேண்டி வராது. தெர்மாமீட்டரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் ஓர் அலமாரியில் இருக்கட்டும். சந்தேகமென்றால் 104, அவசரமென்றால் 108. பெரிய மனிதர் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாலும் சரி, “மூணு நாள்தான்” என்ற பேச்சை நம்பி ஜாக்கிரதையைக் கைவிடாதீர்கள்.

பேத்தி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? மூன்றாம் நாளும் ஜுரம் இறங்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நல்ல வேளை, டெங்கு இல்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து “பாட்டி, இட்லி” என்றாள். அன்றைக்குத்தான் என் பெண் மெதுவாகச் சொன்னாள்: “நீ ரெண்டு நாள்னு சொல்லியிருந்தா, மூணாம் நாள் நான் உடைஞ்சு போயிருப்பேம்மா.”

காய்கறி அம்மா இன்னும் வருகிறார். மார்க்கெட் அந்த செப்டம்பரிலேயே கோயம்பேட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் “மூணு நாளு” என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

உங்கள் தெருவில் அந்தச் சனிக்கிழமை எப்படி இருந்தது? எழுதுங்களேன்!